வியாழக்கிழமைக் கோடு

மாக்லிங்கன் மலையிலிருந்து
இழுவை ரயிலில் இறங்கி வந்த ரேகுலா
எங்கள் வகுப்பில் இருபத்திரண்டு பேருக்கும்
ஆளுக்கொரு கறுப்பு வளையம் கட்டிவிட்டாள்.
கடிகாரம் செய்யும் பீல் நகரத்தில்
நேரம் காட்டாத கடிகாரம்.
ஏழு நாள். குளிக்க மட்டும் கழற்றலாம்.
இந்த வயதுப் பிள்ளைகள் எவ்வளவு அசைகிறார்கள்
என்று பார்க்கிறார்களாம்.
ஏன் அசைவதில்லை என்பதற்கு
வேறு தாள் இருந்தது.
நாலு பக்கம். பெட்டிக்குள் புள்ளடி போடவேண்டும்.

வீட்டில் சைக்கிள் உண்டா?
உண்டு. நிலக்கீழ் அறையில், காற்றுப் போய்,
யாரோ விட்டுப்போன பனிச்சறுக்குப் பலகைக்குப் பின்னால்.
புள்ளடி போட்டேன்.

நடக்கும் தூரத்தில் மைதானம் உண்டா?
உண்டு. அதில் லியானும் அவன் கூட்டமும் உண்டு.
போன சித்திரையில் நானும் அர்தீத்தாவும்
பந்தோடு போனோம்.
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
எங்கள் பந்தைச் சுற்றி அவர்கள் பந்து ஓடியது,
பிறகு எங்கள் பந்து எங்கே என்று
புதருக்குள் தேடவேண்டி வந்தது.
அதற்கும் ஒரு புள்ளடி.

பிடித்த விளையாட்டு:
நீச்சல் என்று எழுதி வெட்டினேன்.
பன்னிரண்டு வயதுவரை
ஏரியை விட்டு ஏறாமல் கிடந்தவள்தான்.
பிறகு உடம்பு வந்தது,
பின்னாலேயே பார்வைகளும் வந்தன.
அம்மா ஒருநாளும் தடுத்ததில்லை.
நீச்சலுடுப்புச் சின்னதாய்ப் போச்சு என்றபோது
"அடுத்த மாதம் பார்ப்பம்" என்றா.
அந்த அடுத்த மாதம்
இரண்டு கோடை தாண்டியும் வரவில்லை.

கார்த்திகையில் எங்கள் ஊர்
மூடுபனிக்கு அடியில் கிடக்கும்.
வெயில் மேலே, ரேகுலாவின் ஊரில்.
அங்கே போக டிக்கெட் எடுக்கவேண்டும்.
இதற்குத் தாளில் பெட்டி இல்லை.

புதன் இரவு வயிற்று வலி.
போர்வைக்குள் சுருண்டு கிடந்தேன்.
மூன்றரைக்கு அம்மா எழும்பும் சத்தம்,
கேத்தில் கொதிக்குமுன்னே அதை நிறுத்தும் சத்தம்.
"இதை இண்டைக்கு நீங்கள் கட்டிக்கொண்டு போங்கோ."
"என்ன விலை இது?" என்றுதான் முதலில் கேட்டா.
பிறகு மணிக்கட்டை நீட்டினா.

அடுத்த கிழமை ரேகுலா
மடிக்கணினியில் என் நாட்களைத் திறந்தாள்.
திங்கள், காலையில் ஒரு சின்ன மேடு,
அப்புறம் ஏரித்தண்ணீர் போல ஒரே மட்டம்.
செவ்வாயும் அதுதான்.
புதன், உடற்பயிற்சி வகுப்பில் இரண்டு முள்
(வரிசையில் நின்ற நேரம் போக).
வியாழன்
விடிய நாலு மணிக்குக் கிளம்பிய கோடு
பதினொன்றுவரை இறங்கவேயில்லை.
இருபத்தோராயிரத்து நானூறு காலடி.

ரேகுலா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
"வியாழன் காலை என்ன பயிற்சி? எந்தக் கழகம்?"

போட்சிங்கன் கடிகாரத் தொழிற்சாலை, மூன்று மாடி.
ஒரு தூசு விழுந்தால்
முள் நின்றுபோகும் அறைகள்.
வாளி, தள்ளுவண்டி, வேலையாட்கள் வருமுன்
காயவேண்டிய தரை.
இத்தனையும் ஜெர்மனில் சொல்ல
எனக்கு ஒரே ஒரு வசனம்தான் வந்தது.
"அது நானில்லை, அம்மா."

அவள் கோபப்படவில்லை. நல்ல மனுஷி.
"அப்படியென்றால் இந்த நாளைச்
சேர்க்க முடியாது" என்றாள்,
உண்மையாகவே வருத்தப்பட்டு.
ஒரு தட்டல்.
மலை இருந்த இடம் வெள்ளையாயிற்று.

பின்னேரம் அம்மா கேட்டா,
"அந்தச் சாமான் என்ன காட்டினது?"
எண்ணைச் சொன்னேன்.
கதிரையில் சாய்ந்தபடி
திரும்பவும் சொல்லச் சொன்னா.
"அவ்வளவோ! பிறகேன் நான் மெலியேல்லை?"

அந்தச் சிரிப்பு முடியுமுன்னே
நித்திரையாகிவிட்டா,
ஒரு காலில் மட்டும் சப்பாத்தோடு.